திடீர்த் தலைச்சுற்றும் உட்காதும்

தலைச்சுற்று தொடங்கிய கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிடுங்கள். கட்டிலைத் தேடி வீட்டுக்குள் ஓட வேண்டாம். சுற்றும் தலையோடு நடக்கப் போய் விழுந்துதான் பலர் இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். கிணற்றடியில் நின்றால் கட்டைப் பிடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வன்னியில் இன்னும் பல தோட்டக் கிணறுகளுக்குக் கட்டே இல்லை. இருப்பவற்றிலும் சில முழங்காலுக்கு மேல் உயராது. அப்படியே குந்தி, தவழ்ந்தாவது நாலு முழம் விலகுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது வந்தால் இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி இறங்கி, தார் விளிம்பிலிருந்து தள்ளி இருங்கள். பனையிலோ ஏணியிலோ நிற்பவர் அதை இறுகக் கட்டிப்பிடித்தபடி ஆளைக் கூப்பிட வேண்டும். சுழற்சி முழுதாக ஓயும்வரை ஒரு படிகூட இறங்கக் கூடாது.

இருந்த பிறகு தலையை அசைக்காமல், எதிரே அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருங்கள். பக்கத்தில் நிற்பவர் பதறினால் வருத்தக்காரருக்குப் பயம் கூடும். "அம்மா, தலையை ஆட்டாதேங்கோ. அந்தக் கதவு நிலையையே பாருங்கோ, நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். சத்தி வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். யாராவது ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து, சுழற்சி எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர் வேர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுக்கிறது என்றால் அதை வேறுவிதமாகப் பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருந்துகொண்டு வழக்கமான குளிசையையும் போட்டவருக்கு இது வரலாம். நினைவோடு இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். வெயிலில் நாள் முழுதும் கச்சான் பிடுங்கியவர், வயிற்றோட்டக்காரர் ஆகியோருக்கு உடலில் நீர் வற்றியிருக்கும். அவர்களை நிழலில் கிடத்தி, ஜீவனியைப் பொட்டலத்தில் எழுதிய அளவுப்படி கரைத்துக் கொடுங்கள்.

காத்திருக்கக் கூடாத தலைச்சுற்று

பெரும்பாலான சுழற்சி காதிலிருந்து வருகிறது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் அடைபட்டாலும் தொடக்கத்தில் இதே சுழற்சியும் சத்தியும்தான் தெரியும். ஆகவே கூட என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேச்சு குழறுகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, முகம் ஒருபக்கம் கோணுகிறதா, கையோ காலோ சோர்கிறதா, விழுங்கும்போது புரைக்கிறதா, முன்பு அறியாத கடுமையான தலையிடியோ பிடரி வலியோ வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இனி வீட்டு வைத்தியம் இல்லை. இன்னுமொன்றை நான் குறிப்பாகச் சொல்வேன்: காதுச் சுழற்சி உள்ளவர் தள்ளாடினாலும், ஆளைப் பிடித்துக்கொண்டு நாலடி வைப்பார். பிடித்துக்கொண்டும் நிற்கவே முடியாமல் ஒருபக்கமாகச் சரிகிறவருக்கு மூளையில்தான் பிரச்சினை என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். நெஞ்சு வலி, நினைவு தப்புதல், காது ஓடுகிறவருக்குக் காய்ச்சலோடு தலைச்சுற்று ஆகியவையும் இதே அவசரம்தான்.

பாய் போட்டு நிலத்தில் படுத்தவர் நடுச்சாமத்தில் எழும்பி, வயிறு நோகிறது, தலை ஒரு மாதிரி இருக்கிறது, கண் இமை கீழே விழுகிறது என்று சொன்னால் கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம். அதன் கடி பல வேளைகளில் நோகாது, பல் பட்ட அடையாளமும் தெரியாது. விடியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வேர்வை, வாயில் நீரூறல், கண்மணி சுருங்குதல் இருந்தால் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவியபடியே வாகனத்துக்குச் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டிய இலக்கம் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்தது, கட்டணம் இல்லை. உள்ளே குடியிருப்பவர்கள் சந்தி, கோவில், பாடசாலை, குளக்கட்டு என்று ஓர் அடையாளத்தைச் சொல்லி, ஒழுங்கை முகப்பில் ரோச் லைட்டோடு ஒருவரை நிறுத்தி வையுங்கள். மூளையில் இரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசி வருத்தம் தொடங்கி ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சந்திக்கே சுமார் 50 கிலோமீற்றர். பார்வை பார்ப்பவரிடமும் பாமசியிலும் போகிற ஒரு மணி நேரம் அந்த நாலரையிலிருந்துதான் கழிகிறது. வருத்தம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை வந்தவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் அவசரமே. வலி இல்லாததால் ஆட்கள் இதை விட்டுவிடுகிறார்கள். குறும்பி அடைத்திருக்கிறது என்று நல்லெண்ணெய் விட்டு ஒரு மாதம் பார்க்கிறார்கள். உட்காது நரம்பு பாதித்து வரும் செவிட்டுக்கு ஸ்டீரொய்ட் மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல பயன். இரண்டு கிழமை கடந்தால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் சுற்றியது?

உட்காதுக்குள் இரு வேலைகள் ஒரே எலும்புப் பொந்தில் நடக்கின்றன. நத்தைச் சுருள் பகுதி கேட்கிறது. அதை ஒட்டிய மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்படிச் சரிகிறது என்று மூளைக்கு அறிவிக்கின்றன. மேசன் வைத்திருக்கும் ரசமட்டத்தில் திரவம் நகர்ந்து சரிவைக் காட்டுவதுபோல, குழாய்க்குள் உள்ள நீர் நகர்ந்து நரம்பைத் தூண்டுகிறது. இரண்டு காதும் ஒரே கதையைச் சொல்லும்வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒன்று மாறிச் சொன்னால் உலகம் சுற்றுகிறது.

சுழற்சி ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்து, தலையைத் திருப்பினால் மட்டும் மறுபடி வந்தால் அது துகள் இடம்மாறியதால் வருவது; அதைப் பற்றி விரிவாகக் கீழே. இருபது நிமிடம் தொடக்கம் பல மணி நேரம் நீண்டு, ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்கும் திறனும் ஏறி இறங்கினால் 1861 இல் பிரான்சு வைத்தியர் மெனியே விவரித்த வருத்தமாக இருக்கலாம். அதற்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் அது கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் குறைப்பதில் தொடங்கும். தடிமன் காய்ச்சலுக்குப் பின் நாள் முழுதும் சுற்றி, இரண்டு மூன்று நாளில் மெல்லத் தணிந்தால், காது கேட்பதும் பழுதாகாமல் இருந்தால், சமநிலை நரம்பு வீங்கியிருக்கலாம். முதல் தடவை இப்படி நீடித்துச் சுற்றினால், அதிலும் பிறஷரோ சீனி வருத்தமோ உள்ளவர் என்றால், அடைப்பு இல்லை என்று வைத்தியசாலையில் உறுதிப்படுத்திய பிறகே நரம்பு வீக்கம் என்று சொல்ல வேண்டும். நித்திரை கெட்டாலோ சாப்பாடு தவறினாலோ வந்து, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் செய்யும் சுழற்சி ஒற்றைத் தலைவலியின் இன்னொரு முகம். தலையிடி இல்லாமலும் அது வரும். பெண்களுக்குக் கூடுதலாக வருவதால் "யோசனை கூடிப்போச்சு" என்று ஒதுக்கப்படுகிறது. அதற்கு மருந்து இருக்கிறது, ஒதுக்காதீர்கள்.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருண்டு தலை லேசானால் அது சுழற்சி அல்ல, பிறஷர் இறங்குகிறது. பிறஷர்க் குளிசையின் அளவு கூடியிருக்கலாம், இரத்தம் குறைந்திருக்கலாம். கட்டிலில் படுத்தபடியே வலப்பக்கம் திரும்பும்போது கூரை சுற்றினால் பிறஷரைக் குற்றஞ்சொல்ல முடியாது, படுத்துத் திரும்பினால் பிறஷர் மாறுவதில்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் பிறஷர்க் குளிசையைத் தாமாகவே இரண்டாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

துகளைத் திருப்பி அனுப்புதல்

காதின் சிறு பைக்குள் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, நீண்டநாள் படுக்கையாலோ சில கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலை திரும்பும்போது துகள் உருள, குழாய் நீரும் சேர்ந்து நகர, நாம் சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது. இதைக் குளிசை கரைக்காது. குழாய் எப்படி வளைந்திருக்கிறதோ அதன்படி தலையைத் திருப்பித் துகளை மறுபடி பைக்குள் விழவைக்க வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஜோன் எப்லி என்ற வைத்தியர் 1980 இல் இந்த முறையைச் சொன்னபோது சக வைத்தியர்கள் நம்பவில்லை. வெறும் தலையைத் திருப்பி வருத்தத்தை மாற்றுவதா என்றார்கள். 1992 இல் அவருடைய கட்டுரை வெளிவந்த பிறகு உலகம் முழுதும் பரவியது. மருந்துக் கடை இல்லாத கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியத்தை நான் அறியேன். ஒரு கட்டிலும் ஒரு தலையணையும் ஐந்து நிமிடமும் போதும்.

முதல் தடவை வைத்தியரைக் கொண்டு எந்தக் காது என்று உறுதிப்படுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் சுற்றுகிறதோ பெரும்பாலும் அந்தக் காதுதான். வலக்காது என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் காலை நீட்டி இருந்து, படுக்கும்போது தோளுக்குக் கீழ் வரும்படி பின்னால் தலையணையை வையுங்கள். தலையை வலப்பக்கம் பாதியளவு, அதாவது 45 பாகை, திருப்புங்கள். அப்படியே சற்று வேகமாகப் பின்னால் சாயுங்கள். தோள் தலையணையில் இருக்க, தலை சற்றுப் பின்னால் தாழ்ந்து வலப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். இப்போது சுற்றும். சுற்றுவது நல்லது, துகள் நகர்கிறது. நின்ற பிறகும் அரை நிமிடம் பொறுங்கள். பிறகு தலையைத் தூக்காமலே இடப்பக்கமும் அதே 45 பாகை அளவுக்குத் திருப்பி, மறுபடி அரை நிமிடம். அடுத்து உடம்பையும் இடப்பக்கம் சரித்து, மூக்கு நிலத்தைப் பார்க்கும்வரை தலையையும் திருப்புங்கள். இன்னும் அரை நிமிடம். கடைசியாக நாடியை நெஞ்சோடு தாழ்த்தியபடி இடப்பக்கமாகவே எழுந்து இருந்து, சில நிமிடம் அசையாதிருங்கள். இடக்காது என்றால் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு நாளில் மூன்று தடவை, சுழற்சி இல்லாமல் ஒரு முழு நாள் கழியும்வரை செய்யலாம். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே விட்டுவிடும். பிறகு இரண்டு இரவு இருந்தபடியே நித்திரை கொள்ள வேண்டும் என்று முன்பு சொல்வார்கள், அது தேவையில்லை. சில மாதமோ சில ஆண்டோ கழித்துத் திரும்ப வரலாம். வந்தால் மறுபடி அதே ஐந்து நிமிடம். ஒரு கிழமை செய்தும் விடவில்லை என்றால் துகள் வேறொரு குழாயில் இருக்கலாம்; அதற்குத் திருப்பும் விதம் வேறு, காது மூக்கு தொண்டை வைத்தியர் செய்து தருவார்.

கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள், கழுத்தில் காயப்பட்டவர்கள், கழுத்திலோ மண்டையிலோ ஷெல் பீஸ் உள்ளவர்கள், விழித்திரை கழன்றதற்குச் சிகிச்சை பெற்றவர்கள், மூச்சிழைப்பால் நேராகப் படுக்க முடியாதவர்கள் ஆகியோர் இதை வீட்டில் செய்யவே கூடாது.

ஷெல்லுக்குத் தப்பிய காதுகள்

வேறு ஊருக்காக எழுதிய தலைச்சுற்றுக் கைநூல் நமக்குப் போதாமல் போவது இந்த இடத்தில்தான். போர் நடந்த 2009 இன் முதல் ஐந்து மாதங்கள் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பதுங்குகுழிகளில் இருந்தவர்களின் காதுகள் பக்கத்தில் விழுந்த ஷெல்லின் அழுத்தத்தை வாங்கின. வெடியழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். உட்காதின் நுண்ணிய மயிர்க் கலங்களைச் சிதைக்கும். அவை மறுபடி முளைப்பதில்லை. தலையில் பட்ட அடி துகள்களையும் கழற்றும். உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த நேரத்தில் காது இரைவதை யார் சொல்லப் போகிறார்கள்? அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று முப்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். சிறு வயதிலேயே தலைச்சுற்று வருகிறதே என்று தேடும் வைத்தியர் அந்தப் பழைய அடியைப் பற்றி அறிய வேண்டும்.

செவிப்பறையில் துளை உள்ளவருக்கு நீரில் தனி ஆபத்து உண்டு. வியன்னாவில் ரொபேர்ட் பாரானி என்ற காது வைத்தியர், நோயாளிகளின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் ஒருபக்கமும் சூடான நீரால் கழுவினால் மறுபக்கமும் அவர்களுக்குச் சுழல்வதைக் கவனித்தார். காதுக்குள் உள்ள நீர் சூட்டாலும் குளிராலும் நகர்கிறது என்று அதிலிருந்து கண்டறிந்தார். 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் முதலாம் உலகப்போரில் பிடிபட்டு ரஷ்யாவில் கைதியாக இருந்தார். அவர் கண்டதை நம் குளங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். துளை உள்ள காதோடு ஒருவர் இரணைமடுவில் முங்கினால் குளிர்நீர் நேரே நடுக்காதுக்குள் போகும். நீருக்கடியில் சுழற்சி பிடித்தால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அப்படித்தான் போய்விடுகிறார். காது ஓடுகிறவர்கள், வெடியில் செவிப்பறை போனவர்கள் கரையில் இருந்து அள்ளிக் குளிக்கட்டும். குளிக்கும்போது வாஸ்லின் பூசிய பஞ்சைக் காதில் வைக்கட்டும். எண்ணெயோ மூலிகைச் சாறோ அந்தக் காதுக்குள் விடவே கூடாது. துளையை அடைக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு கூட்டத்தினர் சுழற்சியைச் சொல்ல மாட்டார்கள். இருட்டில் தள்ளாடுகிறது, நடக்கும்போது எதிரே உள்ளவை துள்ளுகின்றன என்பார்கள். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் இரு பக்கச் சமநிலை உறுப்பையும் பாதிக்கக்கூடியவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த மருந்து உடம்பில் தேங்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் அதிகம் என்பதால், ஊசி போடும் முன்னரே அதை மிஸ்ஸியிடம் நினைவூட்டுவது நல்லது.

குளிசையைவிட நடை

ஸ்டெமெற்றில், சின்னரிசின் போன்ற குளிசைகள் சத்தியையும் சுழற்சியையும் அமர்த்தும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு அவை வேண்டும். மாதக் கணக்கில் போடுவதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். பழுதான காதுக்கு ஈடாக மூளை புதிதாகப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை இக்குளிசைகள் தாமதமாக்குகின்றன. வயதானவர்களுக்கு நீண்டநாள் கொடுத்தால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம்.

மூளையைப் பழக்கும் பயிற்சிகளையும் போர்தான் தந்தது. இரண்டாம் உலகப்போரில் தலையில் காயப்பட்டுத் திரும்பியவர்களுக்காக இங்கிலாந்தில் கோதோர்ன், குக்சி என்ற இரு வைத்தியர்கள் 1940களில் அவற்றை வகுத்தார்கள். பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, நகத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழும். கதிரையில் இருந்தபடி குனிந்து தேசிக்காயை எடுங்கள். அதை ஒரு கையிலிருந்து மறுகைக்குக் கண்மட்டத்துக்கு மேலால் எறிந்து பிடியுங்கள். தேறியதும் முற்றத்தில் நடந்து, நடக்கும்போதே தலையைத் திருப்புங்கள். செய்யும்போது கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றாத அளவுக்கு மெதுவாகச் செய்தால் மூளை எதையும் கற்காது. நாளில் இரண்டு மூன்று தடவை, பல கிழமைகள். பயந்து கட்டிலோடு கிடப்பவர்தான் ஆறு மாதம் கழித்தும் தள்ளாடுகிறார்.

சுழற்சி வந்துபோகும் காலத்தில் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் வேண்டாம், மரம் ஏற வேண்டாம், தனியே கடலுக்குப் போக வேண்டாம். நாட்கூலிக்காரருக்கு இது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தே சொல்கிறேன். வெளியே கக்கூஸ் உள்ள வீட்டில் இரவில் ரோச் லைட் தலைமாட்டிலேயே இருக்கட்டும். காது பழுதானவர் கண்ணால்தான் நிமிர்ந்து நிற்கிறார், இருட்டில் அதுவும் போய்விடும்.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "டொக்டர், தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் பிறஷர் பார்த்து, குளிசை எழுதி முடிந்துவிடும். "படுத்துத் திரும்பினால் சுத்துது டொக்டர், அரை நிமிசத்தில நிக்குது, பத்து நாளாய் இருக்கு, காது நல்லாய்க் கேக்குது" என்று சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிட்டது. எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்தால், காதில் என்ன மாற்றம் என்ற நான்கையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். போடும் குளிசைகளையும் மட்டையோடு கொண்டு போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காது மூக்கு தொண்டைக் கிளினிக் எந்த நாள் என்று முதலே கேட்டறியுங்கள். அங்கு முடியாததை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள்.

ஸ்கானுக்கு அனுப்பினால் எந்த ஸ்கான் என்று கேளுங்கள். எம்ஆர்ஐ பெரிய காந்தத்துக்குள் எடுப்பது. உடம்பில் கிடக்கும் இரும்புத் துண்டு அதில் நகரலாம், கண்ணுக்கோ இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால் பேராபத்து. எந்தக் காலத்துப் பீஸ் என்றாலும், நோகாவிட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும், உள்ளே போகும் முன் நீங்களாகவே சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பீஸ் இருக்கும் இடத்தையும் பட்ட ஆண்டையும் கொப்பியின் முன் அட்டையிலேயே எழுதி வைத்தால், நீங்கள் பேச முடியாமல் கொண்டுவரப்படும் நாளிலும் அவர்களுக்குத் தெரியும்.